புலிச்சாமி திரும்பி வரும் படம்

புலிச்சாமியைக் காணவில்லை என்ற செய்தி வந்தபோது நான் கோயிலின் பின்பக்கக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். செய்தியைக் கொண்டுவந்தவர் கோ என்கிற கோயில் கமிட்டித் தலைவர். பூண்டு மொத்த வியாபாரி. அவருக்கு முன்னால் பூண்டு வாசம் வந்து நலம் விசாரிக்கும், பிறகுதான் ஆள் வருவார். அன்றைக்கு வாசமும் ஆளும் ஒன்றாக ஓடிவந்தார்கள்.

"பாவ்-ஜூ! நேத்து என்ன படம் போட்டே?"

என் வாய் நிறைய நுரை. "புலிப் படம்" என்றேன்.

"கடைசியில புலி என்ன ஆகுது?"

"காட்டுக்குப் போயிடுது."

வாயில் குதப்பிக்கொண்டிருந்த பாக்குச் சாற்றை அவர் வாழை மரத்தடியில் துப்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. "போயிட்டாரு" என்றார். "எங்க புலிச்சாமியும் போயிட்டாரு. பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. உள்ள ஆளில்ல."

நான் சாமிகளுக்குப் படம் போடுகிறவள். எங்கள் தீவின் கடலோர ஊர்களில் வேண்டுதல் பலித்தால் சாமிக்குப் பன்றி படைப்பார்கள், பட்டாசு கொளுத்துவார்கள், அதற்கும் மேலே நன்றி சொல்லத் தோன்றினால் என்னைக் கூப்பிடுவார்கள். கோயில் வாசலில் கம்பு நட்டுத் திரை கட்டி, உள்ளே உட்கார்ந்திருக்கும் சாமிக்குத் தெரிகிற மாதிரி கோயிலைப் பார்த்து ஓட்டுவேன். மனிதர்கள் வந்தால் வரலாம், வராவிட்டால் குறையொன்றுமில்லை. மனிதர்கள் எல்லாம் கைபேசிக்குப் போய்விட்டார்கள், சாமிகள் யாரும் இன்னும் போகவில்லை. அதனால் சாமிகளின் திருவிழாக்கள் தொடங்கும் மூன்றாம் மாதம் பிறந்துவிட்டால் எனக்கு ஓய்வே கிடையாது. ப்ரொஜெக்டரும் நீல லாரியும் என் கணவனுடையவை. பதினோரு வருடத்துக்கு முன்னால் அவன் கல்யாண வீடுகளில் பாடும் ஒருத்தியோடு தெற்கே போனான். போகிற அவசரத்தில் இரண்டையும் விட்டுவிட்டான். அந்தக் கணக்கில் லாபம் யாருக்கு என்று இந்தக் கரையோரத்தில் நாய்க்குக்கூடத் தெரியும்.

சாமிகளுக்குப் படம் தேர்ந்தெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடலம்மாவுக்கு முன்னால் கப்பல் கவிழ்கிற படம் ஆகாது. மண்சாமிக்குச் சிரிப்புப் படம் போட்டால் போதும், கிழவர் ஒன்றையே பத்துத் தடவை பார்ப்பார். சகோதர விசுவாசத்துக்குப் பேர்போன போர்ச்சாமியின் கோயிலில் தம்பி அண்ணனைக் காட்டிக்கொடுக்கிற படத்தைத் தெரியாமல் ஓட்டி, இடைவேளைக்கு முன்னால் ஜெனரேட்டர் புகைந்தது. அன்றிலிருந்து நான் ஜாக்கிரதை. கோ தலைவர் 'புலிச்சாமிக்கு மூன்று நாள் படம்' என்று சொன்னபோது, என்னிடம் இருக்கிற அத்தனை படங்களிலும் புலி கெட்டவனாக வருகிறதா, சுட்டுக் கொல்கிறார்களா என்று உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் குழந்தைகள் படம் ஒன்று தேறியது. சர்க்கஸ் கூண்டில் இருக்கும் புலியோடு ஒரு பையன் சிநேகமாகிறான். தன் மதியச் சோற்றிலிருந்து கறித்துண்டை எடுத்து எடுத்துக் கொடுக்கிறான். புலியை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு நீல லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுகிறான். புலி பத்தடி போய் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். நான் அதை நாற்பது தடவை பார்த்திருக்கிறேன், நாற்பது தடவையும் அழுதிருக்கிறேன். புலிதான் கதாநாயகன், சாமிக்கு மனம் குளிரும் என்று நினைத்தேன். சாமிக்கு அது யோசனை சொல்லிக்கொடுக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோயிலில் பெரியவர் வைத்தியச்சாமி. தொண்டையில் எலும்பு சிக்கி வந்த புலிக்கு அவர் எலும்பை எடுத்துவிட்டாராம், அது அவர் காலடியிலேயே தங்கிவிட்டதாம். அதனால் புலிச்சாமிக்கு இடம் படைப்பு மேசைக்கு அடியில். முழங்கை நீளம், கற்பூர மரம், நூற்றைம்பது வருட ஊதுபத்திப் புகையில் கரிக்கட்டை நிறம். கன்னம் வீங்கி அம்மைக்கட்டு வந்த பிள்ளைகளுக்கு அவர்தான் கதி. சாமிக்கு எரிக்கிற காணிக்கைத் தாளை அவர் தாடையில் தேய்த்து, பிறகு பிள்ளையின் தாடையில் தேய்ப்பார்கள். போன மாதம் கோ தலைவரின் எட்டு வயது மகள் பெய்-யூவுக்குக் கன்னம் இரண்டும் ஆவியில் வெந்த பன் மாதிரி உப்பிவிட்டது. டாக்டரும் பார்த்தார், தாளும் தேய்த்தார்கள். குணமானதும் பெருமை முழுவதையும் தலைவர் புலிக்கே கொடுத்துவிட்டார். அந்த வேண்டுதல்தான் மூன்று நாள் படம்.

ஒரு சிக்கல் இருந்தது. மேசைக்கு அடியில் இருப்பவருக்குத் திரை தெரியாது. அதோடு, பத்து வருடத்துக்கு முன்னால் லாட்டரிப் பைத்தியம் ஒருவன் அதிர்ஷ்ட எண் கேட்பதற்காக அவரைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்ததிலிருந்து, தலைவர் தன் கைக்காசில் இரும்புக் கம்பிக் கதவும் கைமுட்டி அளவு பூட்டும் போட்டிருந்தார். முதல் நாள் மாலை பெய்-யூதான் கேட்டாள், "அவருக்குத்தானே படம்? அவருக்கே தெரியலன்னா எப்படி?" நியாயமான கேள்வி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அ-தூ மாமா சாவியை எடுத்துவந்து திறந்து, புலிச்சாமியைத் தூக்கித் திரைக்கு முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தார். பக்கத்து ஸ்டூலில் பெய்-யூ உட்கார்ந்தாள். அவ்வளவுதான் கூட்டம். இரண்டு நாய்கள் வந்தன, ஒன்று இடைவேளையில் போய்விட்டது. அ-தூ மாமா மூங்கில் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார். புலி காட்டுக்குப் போகிற நேரத்துக்குத் தூறல் போட்டது. நான் ப்ரொஜெக்டருக்குத் தார்ப்பாய் போட ஓடினேன். அ-தூ மாமா திடுக்கிட்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கி, ஊதுபத்திச் சட்டியைத் தூக்கி, கம்பிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

புலியைத் தூக்கினாரா என்பதுதான் இப்போது கேள்வி.

"தூக்கினேன்" என்றார் அ-தூ மாமா. எழுபத்திரண்டு வயது, கண்ணில் தண்ணீர். "சத்தியமா தூக்கி உள்ள வெச்சேன். பூட்டு போட்டிருக்கு பாரு! ஆளில்லாத இடத்துக்கு எவனாவது பூட்டு போடுவானா?"

 பூட்டு இருக்கிறது, புலி இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வைத்தியச்சாமியின் ஊர்வலம். புலிச்சாமி முன்னால் போய் வழி திறக்காமல் பல்லக்கு வாசலைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர்க் கோயிலிலிருந்து மூன்று பஸ்ஸில் விருந்தாளிகள் வருகிறார்கள். கோ தலைவருக்கும் வெங்காய வியாபாரியான அந்த ஊர்த் தலைவருக்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் உள்ள போட்டி வேறு இருந்தது.

"சாமியையே கேட்டுடுவோம்" என்றார் தலைவர். வைத்தியச்சாமிக்கு முன்னால் மண்டியிட்டு சாமியிடம் பதில் கேட்கிற பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் கையில் எடுத்தார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் ஆமாம், இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்துவிட்டால் சாமி சிரிக்கிறார், ஒழுங்காகக் கேள் என்று அர்த்தம்.

"எவனாவது திருடிட்டானா?" இல்லை. இன்னொரு தடவை. இல்லை. மூன்றாவது தடவையும் இல்லை.

"அப்ப அவரா எழுந்து போயிட்டாரா?" கட்டைகள் மல்லாந்தன. சாமி சிரித்தார். தலைவர் கேள்வியைத் திருத்தினார். "நேத்துப் போட்ட படத்தினாலதான் போனாரா?"

ஆமாம். ஆமாம். ஆமாம். மூன்றாவது தடவை கட்டை சத்தமே போடாமல் விழுந்த மாதிரி இருந்தது. கூடியிருந்த பத்துப் பதினைந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். பிற்பாடு யோசித்துப் பார்த்தேன், வைத்தியச்சாமி அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

"கதவைத் திறந்துவிட்டா போயிடலாம்னு அவருக்கு நீதான் காட்டிக்குடுத்தே" என்றார் தலைவர்.

"நூத்தம்பது வருஷமா அவருக்கு அது தெரியாதா? நான் வந்து சொல்லணுமா?"

"தெரிஞ்சிருக்கும். தைரியம் வந்திருக்காது. பொம்பளைங்க படம் பார்த்துட்டு வீட்டுல வந்து பேசறதில்ல? அந்த மாதிரி."

"ஆம்பளைங்க படம் பார்க்காமலே வீட்டை விட்டுப் போறாங்க தலைவரே" என்றேன். சிலர் சிரித்தார்கள், தலைவர் சிரிக்கவில்லை.

"போகவெச்சவ நீதான், வரவெக்கறதும் நீதான். இன்னைக்குச் சாயங்காலம் புலி திரும்பி வர்ற படம் போடு."

"அப்படி ஒரு படமே உலகத்துல எடுக்கலையே! எல்லாப் படத்துலயும் அது போகத்தான் செய்யுது. வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?"

அவர் அதற்குள் கட்டைகளைப் போட்டுவிட்டார். திரும்பி வரும் படம் போட்டால் புலிச்சாமி திரும்பி வருவாரா? ஆமாம், ஆமாம், ஆமாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, எனக்கு அன்று பூதமும் இல்லை, புலியும் இல்லை.

ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்தாவது பார்ப்போம் என்று லாரிக்குப் போனேன். பின்பக்கத்தில் ஒயர் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய தார்ப்பாய் சுருட்டி வைத்திருந்தேன். அது நான் சுருட்டிய மாதிரி இல்லை. விலக்கினேன். புலிச்சாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்து நீல ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். ஜாக்கெட்டின் இரண்டு கைகளும் அவர் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடப்பட்டிருந்தன. முன்னால் இரண்டு பச்சை முட்டைகள், ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலை, மூடி திறந்த தண்ணீர் பாட்டில் ஒன்று.  ஊர் முழுக்கத் தேடுகிற சாமி என் லாரியில் இருக்கிறார். தூக்கிக்கொண்டு உள்ளே போனால் 'திருடி' என்பார்கள், பேசாமல் ஓட்டிக்கொண்டு போனால் திருடியே ஆகிவிடுவேன். புலி வாலைப் பிடித்த கதை என்று இத்தனை நாளாகச் சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அத்தை, சத்தம் போடாதீங்க. ராத்திரி பூரா முழிச்சிருந்திருப்பார், இப்பத்தான் தூங்குவார்."

பெய்-யூ லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்குப் போகிற பை தோளில், ஜாக்கெட் மட்டும் இல்லை. தூறலில் நாங்கள் ஓடியபோது ஸ்டூலிலிருந்து அவரைத் தூக்கியது இவள்தான், அ-தூ மாமா பூட்டியது வெறும் கூண்டை என்று புரிந்தது.

"எப்பக் கிளம்புவீங்க?" என்று கேட்டாள்.

"எங்கடி?"

"மலைக்கு. படத்துல அந்தப் பையன் நீல லாரியிலதானே ஏத்துறான்? உங்க லாரிதானே அது?"

எங்கள் தீவில் ஓடுகிற லாரிகளில் பாதி அந்த நீலம்தான். அதை எட்டு வயதுக்கு விளக்கிச் சொல்கிற நிலையில் நான் இல்லை. "பெய்-யூ, இது சாமி. சர்க்கஸ் புலி இல்ல."

"சாமின்னா எதுக்குப் பூட்டு?"

"திருடன் வருவான்னு உங்கப்பா போட்டார்."

"அப்ப திருடனைப் பூட்டச் சொல்லுங்க."

 அவள் லாரி விளிம்பைப் பிடித்து ஏறி, புலியின் முடிச்சை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

"எனக்குக் கன்னம் வீங்கினப்ப பத்து நாள் ரூம்லயே வெச்சாங்க. அம்மா கஞ்சியைக் கதவுகிட்ட வெச்சிட்டுப் போயிடுவாங்க. யாரும் கிட்ட வரல. அப்பத்தான் வேண்டிக்கிட்டேன். புலித்தாத்தா, எனக்குச் சரியாச்சுன்னா உங்களையும் வெளிய விட்டுடறேன்னு. எனக்குப் பத்து நாளுக்கே அழுகை அழுகையா வந்துச்சு. அவருக்குப் பத்து வருஷம் அத்தை."

 அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இது பிள்ளை விளையாட்டு இல்லை, வேண்டுதல். அப்பா படம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார், மகள் வெளியே விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். குணப்படுத்தியவர் ஒருவர், கடன் இரண்டு. வேண்டுதலை நிறைவேற்றாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வருமா? என் அடுப்பு எரிவதே வேண்டுதலில்தான்.

"என்னன்னு வேண்டிக்கிட்டே? சரியாச் சொல்லு" என்றேன். "மலைக்குக் கொண்டுபோறேன்னு சொன்னியா? வெளிய விடுறேன்னு மட்டும் சொன்னியா?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். "வெளிய விடுறேன்னு."

"மலைன்னு ஒரு வார்த்தை?"

"இல்ல." பொய் சொல்ல மாட்டாள், சாமி பக்கத்திலேயே இருக்கிறார்.

"அப்ப பூட்டு இல்லாம இருந்தா போதும். நாளைக்கு இவர் இல்லாம ஊர்வலம் போகாது. அ-தூ மாமாவை எல்லாரும் திட்டித் தீர்த்துடுவாங்க. உங்கப்பா பக்கத்து ஊர்க்காரங்க முன்னால தலைகுனிஞ்சு நிக்கணும். இவர் தானா வந்த மாதிரி வரட்டும்."

"வந்தா மறுபடி பூட்டிடுவாங்களே."

"பூட்டாம பார்த்துக்கலாம்."

"எப்படி?"

அது எனக்கும் தெரியவில்லை. "பார்த்துக்கலாம்" என்று இன்னொரு தடவை சொன்னேன். பெரியவர்களின் அந்த வார்த்தையை அவள் எவ்வளவு நம்பினாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கடைசியில் தலையாட்டினாள். "பூட்டினா நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன், நான்தான் எடுத்தேன்னு. திரும்பியும் எடுப்பேன்னும் சொல்லுவேன்." கோயில் சாமியை எடுத்தது தலைவரின் மகள் என்று தெரிந்தால் அவர் அதற்குப் பிறகு ஊர்வலத்தில் மட்டுமல்ல, ஊரிலேயே நடமாட முடியாது. அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் யோசித்தது புலியை மட்டும்தான்.

திரும்பி வரும் படம் உலகத்தில் இல்லை, ஆனால் திருப்பி ஓட்டலாமே என்று எனக்குப் பத்து மணிக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு வேலை சுலபமாக இல்லை. படத்தின் கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டும் வெட்டியெடுத்து லேப்டாப்பில் தலைகீழாக மாற்றச் சொன்னேன். அது சாயங்காலம் ஐந்து மணி வரை மாற்றிக்கொண்டே இருந்தது. சூட்டில் அணைந்துவிடும் போலிருந்ததால் தலைவர் வீட்டில் பூண்டு உலர்த்துகிற மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்று முழுக்க நான் லாரியை விட்டு இறங்கவில்லை. என் சிரத்தையை ஊரே மெச்சியது.

சாயங்காலம் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனேன். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் எனக்கு வந்ததில்லை. சிப்பி உரிக்கிற பெண்கள் கையுறையைக் கழற்றாமல் வந்திருந்தார்கள். முன் வரிசையில் புலிச்சாமியின் சிவப்பு ஸ்டூலைக் காலியாகப் போட்டு, ஒரு தட்டில் பச்சைப் பன்றிக்கறி வைத்திருந்தார் அ-தூ மாமா. பசித்தால் வந்துவிடுவார் என்று அவருக்கு ஒரு நப்பாசை. எந்தப் படத்துக்கும் முன்னால் சாமியை வாழ்த்தி ஓட்டுகிற மங்கலப் படத்துண்டை முதலில் ஓட்டினேன், பிறகு விளக்குகளை அணைக்கச் சொல்லி, திருப்பிய படத்தைப் போட்டேன்.

காட்டுக்குள்ளிருந்து புலி பின்பக்கமாக வந்தது. வாலை முன்னே விட்டு, ஒவ்வொரு அடியாகப் பின்வைத்து, ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பின்னால் நடந்து வந்து லாரியில் ஏறியது.  பையனின் கன்னத்திலிருந்த கண்ணீர் மேலே ஏறிக் கண்ணுக்குள் போய்விட்டது. லாரி மலையிலிருந்து பின்னாலேயே சறுக்கி இறங்கியது, ரோட்டில் கோழிகள் பின்பக்கமாகப் பறந்தன. சர்க்கஸ் முதலாளி வாயிலிருந்து நூடுல்ஸை இழுத்து இழுத்துக் கிண்ணத்தில் போட்டு நிரப்பினான். அங்கேதான் முதல் சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் நிற்கவில்லை. சிப்பிக்காரப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். வசனமெல்லாம் தலைகீழாக வந்ததில் அது ஏதோ ரகசிய மந்திரம் போல ஒலித்தது. அ-தூ மாமா மட்டும் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "எவ்வளவு சக்தியான மந்திரம்!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

புலி கூண்டுக்குள் பின்பக்கமாக நுழைந்து, பையன் அதன் வாயிலிருந்து கறித்துண்டை வாங்கித் தன் சோற்றுப் பெட்டியில் வைக்கிற இடம் வந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரிப் பக்கமிருந்து ஒரு சின்ன உருவம் எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து போனது. நான் ப்ரொஜெக்டரின் முன்னால் வேண்டுமென்றே ஒரு தடவை குறுக்கே நடந்தேன். திரை முழுக்க என் தலை. கூட்டம் என்னைத் திட்டியது. படம் முடிந்து விளக்குப் போட்டபோது புலிச்சாமி தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், ஜாக்கெட்டோடு.

 அ-தூ மாமாதான் முதலில் குப்புற விழுந்து கும்பிட்டார். "குளிருச்சு போல. எங்கேயோ துணி வாங்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கார்" என்று அழுதார். பள்ளிக்கூடத்து ஜாக்கெட்டுக்கு அதைவிட நல்ல விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு அதே ஜாக்கெட்.

கோ தலைவர் வேட்டு வைக்கச் சொல்லிவிட்டு, புலிச்சாமியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். நேராக மேசைக்கடியில் வைக்கப் போனார். சாவியோடு அ-தூ மாமா பின்னால் போனார்.  பெய்-யூவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"தலைவரே!" என்று அவளுக்கு முன்னால் நான் கத்தினேன். "பூட்டலாமான்னு அவரைக் கேட்டீங்களா?"

அவருக்கு எரிச்சல். ஆனாலும் கூட்டம் பார்க்கிறது. புலிச்சாமியை இடுப்பில் பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு ஒரு கையால் கட்டைகளைப் போட்டார். "மறுபடி பத்திரமா பூட்டி வெக்கலாமா?"

சிரித்தார். இரண்டாவது தடவையும் கட்டைகள் மல்லாந்தன, புலிச்சாமி சிரித்தார். மூன்றாவது தடவை ஒரு கட்டை உருண்டு கம்பிக் கதவில் மோதி, அதுவும் மல்லாந்தது.

"சிரிப்புக்கெல்லாம் அர்த்தம் கிடையாது" என்றார் தலைவர். "இல்லன்னு சொல்லலையே. நாளைக்கு மூணு பஸ் ஜனம் வருது. பூட்டத்தான் போறேன்." குனிந்தார். உள்ளே வைப்பதற்கு வசதியாக ஜாக்கெட்டைக் கழற்ற முடிச்சை அவிழ்த்தார். காலர் மடங்கியது. அப்படியே நின்றுவிட்டார்.

நான் அவருக்கு இரண்டடி பக்கத்தில் இருந்தேன். காலரின் உட்பக்கத்தில் சிவப்பு நூலில் வகுப்பு எண்ணும் பெயரும் தைத்திருந்தது. அம்மா தைத்தது, கொஞ்சம் கோணல். அவர் அதை ஒரு தடவை வாசித்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை. மேசைக்கடியில் திறந்து கிடந்த கம்பிக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் மூடியிருந்த ஒரு கதவை அவருக்கும் தெரியும். இரவில் அதற்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்ததாக, நோய் தொற்றிவிடும் என்று உள்ளே போகாமல் அங்கேயே பாக்கு மென்றுகொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததாக, அவருடைய மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"என்னாச்சு தலைவரே?" என்றார் அ-தூ மாமா.

கோ தலைவர் காலரை உட்பக்கமாக மடித்து, பெயர் தெரியாதபடி அமுக்கி, ஜாக்கெட்டின் கைகள் இரண்டையும் புலிச்சாமியின் தாடைக்குக் கீழே மறுபடி முடிச்சுப் போட்டார். பெரிய விரல்கள், அவசரத்தில் முடிச்சு விழ நேரமானது. "பூட்டு வேணாங்கிறார்" என்றார் சத்தமாக. "மூணு தடவை சிரிச்சாரே, உங்களுக்கெல்லாம் புரியலையா?" பூட்டை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன் கனத்தில் பை ஒரு பக்கம் தொங்கியது.

மறுநாள் ஊர்வலம் நன்றாகவே நடந்தது. புலிச்சாமி ஜாக்கெட்டோடு முன்னால் போனார். 'எங்கே தைத்தது, எவ்வளவு ஆனது' என்று பக்கத்து ஊர்த் தலைவர் இரண்டு தடவை விசாரித்தார். கோ தலைவர் சொல்லவில்லை.

வேண்டுதலில் ஒரு நாள் பாக்கி இருந்தது. மூன்றாம் நாள் என்ன படம் என்று தலைவரைக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "அதே படம்" என்றார். "ஒழுங்கா ஓட்டு. முன்னாடியிருந்து." ஊர் அசதியில் தூங்கப் போய்விட்டது, பழையபடி கூட்டமில்லை. ஒரு நாய் வந்தது. அ-தூ மாமா குறட்டை விட்டார். உள்ளே மேசைக்கடியில் கம்பிக் கதவு திறந்தே கிடந்தது.

புலி லாரியிலிருந்து குதித்து, பத்தடி போய், திரும்பிப் பார்க்கிற இடம் வந்தது. நான் வழக்கம்போல அழத் தயாரானேன். முன் வரிசையில் இப்போது மூன்று சிவப்பு ஸ்டூல்கள். பெய்-யூ திரையைப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போவாரா என்று. புலிச்சாமிக்கு மறுபக்கத்து ஸ்டூலில் கோ தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், படத்தில் லயித்துப்போனவர் போல உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு கை மட்டும் கீழே இறங்கி, புலிச்சாமியின் ஜாக்கெட் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.